தின்ற பாம்பைத் தராசில் ஏற்றாத டோரீன்

இன்று டோரீன் பிளெவின்ஸைச் சந்தித்தேன். ஒஹாயோவின் இந்தத் தெற்கு மூலையில் பாம்பு வளர்ப்பவர் யாரிடம் அந்தப் பெயரைச் சொன்னாலும் முகம் சுளிப்பார்கள். நானும் மூன்று வருடமாக அவர் மேசை இருக்கும் பக்கமே போகாமல் சுற்றிப் போனவன்தான். இன்று காலை எப்படியோ தைரியம் வந்துவிட்டது. பிஸ்கட் என்று நான் பெயர் வைத்திருக்கும் என் கார்ன் பாம்பைத் தலையணை உறைக்குள் போட்டு, உறையை ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பனியில் வழுக்காமல் நடந்து போய் அவர் முன்னால் நின்றேன். வந்ததும் வராததுமாக இதை எழுதுகிறேன். சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அவர் உறையைப் பிரித்து உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"தலகாணியக் கொண்டு வந்திருக்கே. பாம்பு எங்கே?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எப்போது தின்றது என்று கேட்டார். ஐந்து நாளாயிற்று என்றேன். என்ன தின்றது என்றார். இரண்டு சுண்டெலி, வாராவாரம் இரண்டு என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். வாராவாரம் தாங்ஸ்கிவிங் விருந்து வைத்தால் நானும் இப்படித்தான் உருண்டு வந்து நிற்பேன் என்றார். பிஸ்கட்டைத் தராசுத் தட்டில் வைத்தார். நாலடிப் பாம்பு, எண்ணூற்று எழுபது கிராம். அதன் வால் பக்கத்தை என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

"இங்க மடிப்பு விழுது பாரு. செதில் செதிலா விலகி நடுவுல தோல் தெரியுது பாரு. பாம்புக்கு இடுப்புன்னு ஒண்ணு கெடையாது. உன் பாம்புக்கு இருக்கு."

ஒரு அட்டையில் தேதி, எடை, கடைசியாகத் தின்ற நாள் மூன்றையும் எழுதினார். கீழே, பதினாலு நாளுக்கு ஒரு முறை ஒரே ஒரு சுண்டெலி என்று எழுதி அடிக்கோடு போட்டார். நாலு மாதம் கழித்து வா, குறையாமல் இருந்தால் வராதே என்று சொல்லி அட்டையை நீட்டினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அந்த மேசையை விட்டு நகர மனம் வரவில்லை. பக்கத்துத் தூணில் சாய்ந்துகொண்டு நின்றுவிட்டேன். நின்றது நல்லதாயிற்று.

எங்கள் கண்காட்சி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மாவட்டத் திருவிழா மைதானத்தின் ஆட்டுக் கொட்டகையில் நடக்கும். எண்பது மேசை. அதில் எழுபதில் பால் பைத்தான் இருக்கும். தொட்டால் பந்துபோலச் சுருண்டுகொள்கிற சின்ன மலைப்பாம்பு அது. கதவோரம், குளிர்காற்று அடிக்கிற இடத்தில் ஒரே ஒரு மேசையில் பாம்பு கிடையாது. ஒரு தராசு, ஒரு கிருமிநாசினிப் புட்டி, ஒரு கட்டு வெற்று அட்டை. எதிரே ஒரு பலகை, 'எடை பார்க்க இலவசம்' என்று. யாரோ அதன் கீழே பேனாவால் 'வசவும் இலவசம்' என்று கிறுக்கியிருக்கிறார்கள். டோரீன் அதை அழிக்கவில்லை. தகவல் சரிதான் என்று சொன்னாராம்.

பதினோரு வருடமாக அந்த மேசை அங்கே இருக்கிறது. இன்று மூன்று மணிக்கு மேல் இருக்குமா இருக்காதா என்பதுதான் காலையிலிருந்தே கொட்டகை முழுக்கப் பேச்சு. இருபத்துமூன்று விற்பனைக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, எடை மேசையை எடுத்துவிடு, இல்லாவிட்டால் அடுத்த தடவை நாங்கள் வரமாட்டோம் என்று மெர்ல் ஹோஸ்டெட்லரிடம் கடிதம் கொடுத்திருந்தார்கள். மெர்ல்தான் கண்காட்சி நடத்துபவர். யாரோடும் சண்டை வேண்டாம் என்று நினைத்து நினைத்தே எல்லோரிடமும் வசவு வாங்குகிற மனிதர். மூன்று மணிக்கு ஒலிபெருக்கியில் முடிவு சொல்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

விற்பனைக்காரர்களுக்கு என்ன கோபம் என்றால், ஆயிரத்து ஐந்நூறு. தன் எடையைப் பவுண்டில் சொல்கிற எங்கள் ஆட்கள் எல்லோரும் பாம்பின் எடையை மட்டும் கிராமில் சொல்வார்கள். பெண் பால் பைத்தான் ஆயிரத்து ஐந்நூறு கிராம் வந்துவிட்டால் ஆண்பாம்போடு சேர்க்கலாம், முட்டை வைக்கும் என்பது இந்தக் கொட்டகையில் வேதவாக்கு. நிதானமாகத் தீனி போட்டு வளர்த்தால் அந்த எடைக்கு மூன்று நான்கு வருடம் பிடிக்கும். அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? வாரத்துக்கு இரண்டு பெரிய எலி என்று திணித்து ஒன்றரை வருடத்தில் ஏற்றிவிடுவார்கள். ஏறுவது உடம்பு அல்ல, வெறும் கொழுப்பு. வாங்கினவர் பாம்பை டோரீனிடம் கொண்டு வருவார். அவர் எடையை மட்டும் சொல்லி அனுப்பமாட்டார். முதுகெலும்பைத் தடவுவார், வயதைக் கேட்பார். ஆயிரத்து ஐந்நூறு கிராம் மாவு மூட்டைகூட இருக்கும், அது முட்டை வைக்குமா என்று கேட்பார். வாங்கினவர் அப்படியே திரும்பிப் போய் விற்றவர் சட்டையைப் பிடிப்பார்.

இதனால் அவருக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்லவேண்டும். ஒரு தடவை தராசுத் தட்டுக்கு அடியில் நாணயம் ஒட்டி வைத்தார்கள். இன்னொரு தடவை அவர் காபிக்குள் செத்த சுண்டெலியைப் போட்டார்கள். அன்றிலிருந்து தராசைச் சரிபார்க்கப் பித்தளையில் ஒரு அரைக்கிலோ எடைக்கல்லும், மூடி போட்ட காபிக் குவளையும் கொண்டு வருகிறார். 'எடைக்காரி' என்பார்கள், 'வயித்துப் போலீஸ்' என்பார்கள். அவரும் சும்மா இருப்பவர் இல்லை. எதிரே கடை போட்டிருக்கும் தாடிக்காரர் ஒருவர், உனக்கு வேறு வேலையே இல்லையா என்று இன்று காலை கேட்டார். உன் பாம்புகள் ஒழுங்காக இருந்தால் எனக்கு வேலை இருந்திருக்காது என்றார் டோரீன், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

ஒல்லியான பாம்புக்காரர்களையும் விடமாட்டார். காலை பத்து மணி வாக்கில் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். கழுத்து வரை பச்சை குத்தின ஆள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவருடைய ஆண் பால் பைத்தான் நாலு மாதமாக ஒன்றும் தின்னவில்லையாம். செத்துப்போகும் என்று பயந்து, நாளைக்கு வாயைத் திறந்து எலியைத் திணிக்கப்போவதாகச் சொன்னார். பழைய அட்டை இருக்கிறதா என்று கேட்டார் டோரீன். இருந்தது. அக்டோபரில் எழுநூற்று முப்பது. இன்று எழுநூற்று ஐந்து. முதுகு சரியாக இருந்தது, ரொட்டியின் மேல்பக்கம்போல லேசான வளைவு.

"இருபத்தஞ்சு கிராம் போச்சு, அதுக்கா இந்த ஒப்பாரி? குளிர்காலத்துல ஆம்பளப் பாம்புக்குச் சோத்து நெனப்பா இருக்கும்? அதுக்கு வேற நெனப்பு. மாசாமாசம் எடை பாரு, சும்மா விடு. வாயத் திறந்து திணிச்சேன்னு கேள்விப்பட்டேன், உன் வாயில நான் திணிப்பேன்."

அந்த மனிதர் சிரித்துக்கொண்டே அழுதார். நன்றி என்றார். நகரு, பின்னால் ஆள் நிற்கிறது என்றார் டோரீன்.

கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது நான்தான் மெல்லக் கேட்டேன், ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று. தட்டைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்துக்கொண்டே சொன்னார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. டவுனில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்தில் இருபது வருடமாக வேலை. விடிவதற்கு முன்னால் போய்விடவேண்டும். வருகிற நோயாளிகளை ரத்தம் சுத்தம் செய்வதற்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை எடை பார்க்கவேண்டும். நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்று கேட்டால் எல்லோரும் பொய் சொல்வார்கள், திட்டுவார்கள். அங்கேயும் வசவுதான், இங்கேயும் வசவுதான், அங்கே சம்பளம் உண்டு என்றார்.

இருபத்தாறு வயதில் ஒரு போவா மலைப்பாம்பு வாங்கியிருக்கிறார். பெயர் சார்ஜன்ட். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அது கண்ணாடியோரம் வந்து நிமிர்ந்து நாக்கை நீட்டிப் பார்க்குமாம். பசி என்று நினைத்து வாராவாரம் ஒரு எலி. சில வாரம் இரண்டு. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் என்ன கம்பீரம் என்று மெச்சினார்கள். ஏழாவது வயதில் ஒரு காலை அசையாமல் கிடந்தது. இருபது வருடத்துக்கு மேல் இருக்கவேண்டிய உயிர். மருத்துவர் அறுத்துப் பார்த்தார். உடம்பு நீளத்துக்கும் கயிறு கயிறாகக் கொழுப்பு, வெளுத்துப்போன ஈரல். கொழுப்பை எடுத்து ஒரு எவர்சில்வர் தட்டில் குவித்து, டோரீன் முன்னால் நகர்த்தி, பாம்புக்குப் பசி என்று உங்களிடம் யார் சொன்னது என்று கேட்டாராம்.

"யாருமே சொல்லல. அது என்னப் பாக்கத்தான் வந்துச்சு. நான் தீனி போட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஜாக்கெட்டுக்குள் பிஸ்கட் நகர்ந்துகொண்டிருந்தது. அதுவும் தினம் சாயங்காலம் கண்ணாடியோரம் வந்து பார்க்கும்.

ஒன்றரை மணி இருக்கும். மார்வா கிட்ஸ்மில்லர் என்று ஒரு பெண், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், பிளாஸ்டிக் பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். அரைமணி முன்னால்தான் டஸ்டின் ராடரிடம் ஒரு பெண் பால் பைத்தான் வாங்கியிருந்தார். இந்த வசந்தத்தில் முட்டை, கோடையில் குஞ்சு, வீட்டில் இன்குபேட்டர்கூட வாங்கி வைத்தாயிற்று என்று சொல்லும்போது அவர் முகமே பூத்திருந்தது. எடை அட்டை ஒன்று வேண்டும், அவ்வளவுதான். எப்போது தின்றது என்று டோரீன் கேட்டார். தெரியாது, கேட்டு வருகிறேன் என்று மார்வா போனார். திரும்பி வந்தபோது கூடவே டஸ்டினும் வந்தான். அவனுக்கு எட்டு மேசை. தன் பெயர் போட்ட சட்டையைத் தானே அச்சடித்துப் போட்டுக்கொள்கிற ஆள். கடிதத்தில் முதல் கையெழுத்தும் அவனுடையதுதான். அவன் பின்னால் ஒரு கூட்டம்.

"ஏம்மா எடைக்காரி, என் பாம்புல என்ன கொற கண்டுட்டே?"

"இன்னும் பாக்கவே இல்ல. எப்ப தின்னுச்சு?"

"எட்டு நாளாச்சு."

டோரீன் பெட்டியைத் திறந்தார். பாம்பை வெளியே எடுக்கவில்லை. ஒரு கையை அடியில் கொடுத்து, கட்டைவிரலை மட்டும் வயிற்றோரம் லேசாக ஓட்டினார். ஓரிடத்தில் நின்றது. நாலு விரல் தள்ளி இன்னோரிடத்தில் நின்றது. கையை எடுத்துவிட்டார்.

"நேத்து. ரெண்டு எலி. ரெண்டும் பெருசு."

வயிற்றுக்குள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள் என்று யாரோ சொல்ல, கொல்லென்று சிரிப்பு. டோரீன் அதைக் காதில் வாங்காமல் மார்வாவிடம், பெட்டியை மூடு, இரண்டு நாள் தொடாதே, தின்ற பாம்பைத் தூக்கினால் கக்கிவிடும், தின்ற பாம்பை நான் தராசில் ஏற்றுவதில்லை என்றார்.

"பயம்," என்றான் டஸ்டின், கூட்டத்தைப் பார்த்து. "ஆயிரத்தி ஐந்நூறு காட்டிரும்னு பயம்."

"காட்டும். எலியையும் சேத்துத்தான் காட்டும்."

அப்போது மெர்ல் வந்து சேர்ந்தார், கையில் பாதி சாப்பிட்ட சில்லிக் குழம்புக் கிண்ணத்தோடு. என்ன ஏது என்று கேட்டார். இருபது பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் டோரீனிடம் கெஞ்சுகிற மாதிரிதான் பேசினார். ஒரு நிமிஷ வேலை, போட்டுக் காட்டிவிடு, எல்லோர் வாயும் அடங்கும் என்றார். முடியாது என்றார் டோரீன். எடை மேசை என்று பலகை வைத்துக்கொண்டு எடை போடமாட்டேன் என்றால் இந்த மேசை எதற்கு, மூன்று மணிக்கு நான் என்ன பதில் சொல்லட்டும் என்று மெர்ல் கேட்டார். அவருக்கு உண்மையாகவே ஒரு சாக்கு வேண்டியிருந்தது, மேசையை வைத்துக்கொள்ள.

"நீ என்ன வேணா சொல்லிக்கோ மெர்ல். தின்ன பாம்பு தட்டுல ஏறாது."

டஸ்டின் அவர் கையைத் தள்ளிவிட்டுத் தானே பாம்பைத் தூக்கித் தட்டில் போட்டான். ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்துநாலு. கூட்டம் விசிலடித்தது. ஒருவன் மேசையைத் தட்டினான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கும் ஒரு விநாடி சந்தேகம் வந்தது. எட்டு நாளாகத்தான் இருக்குமோ, இந்த அம்மாதான் வீம்புக்குப் பேசுகிறாரோ என்று. டஸ்டின் பாம்பைத் தூக்கி மார்வாவின் தோளில் மாலைபோலப் போட்டான். போனை எடுத்து, சிரிக்கச் சொன்னான். டோரீன் மேசையைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள், அவர் சொல்லிக்கொண்டே வந்தது யார் காதிலும் விழுவதற்குள், பாம்பின் கழுத்து வீங்கி முன்னால் தள்ளியது.

வாய் அகலமாகத் திறந்தது. முதல் எலி மார்வாவின் கோட்டில் விழுந்து வழுக்கியது. ரோமமெல்லாம் ஊறி, பாதி கரைந்து. இரண்டாவது எலி பாதியில் நின்று, பாம்பு உடம்பெல்லாம் முறுக்கித் தள்ளி, சிமெண்டுத் தரையில் விழுந்தது. அந்த நாற்றத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நாற்பது பாம்பு வளர்க்கிறவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள்.

டோரீன் மட்டும்தான் முன்னால் வந்தார். இரண்டு கையாலும் தாங்கி, நிமிர்த்தாமல் குலுக்காமல், பாம்பைப் பெட்டிக்குள் இறக்கி மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார். யாரும் தட்டாதீர்கள், பேசாதீர்கள், தள்ளிப் போங்கள் என்றார். மார்வா கோட்டைக்கூடத் துடைக்காமல் நின்றுகொண்டு அழுதார்.

இப்போது எல்லோரும் டஸ்டினைத்தான் திட்டுவார்கள் என்று நினைத்தேன். என்ன அப்பாவி நான்.

"கட்டவிரலால அந்த அமுக்கு அமுக்கினா எந்தப் பாம்புதான் கக்காது? உங்க முன்னாடிதானே அமுக்கினா," என்றான் அவன்.

தலைகள் ஆடின. ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். எல்லோருக்கும் கண் இருந்தது, தரையில் இரண்டு எலி கிடந்தது, எட்டு நாள் ஆன எலி அப்படி முழுசாக இருக்காது என்று அங்கே ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தே தலையாட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் அதே மாதிரி பாம்புகள் இருக்கின்றன. அந்த எலிகளைவிட இதுதான் எனக்கு அதிகமாக நாறியது.

மெர்ல் மார்வாவைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் நான் நின்ற தூணுக்குப் பக்கத்தில். கண்காட்சியின் விதி ஒன்று இருக்கிறது. வாங்கினவர் அன்றைக்கே பாம்பைத் திருப்பிக் கொடுத்து, ஏமாற்றி விற்றார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புகார் செல்லும். செல்லுமானால் விற்றவருக்கு ஒரு வருடம் இடம் கிடையாது. நீ எழுதிக் கொடு, டஸ்டினை நான் வெளியே அனுப்பியே ஆகவேண்டும், அவன் போனால் அந்தக் கடிதமும் குப்பைக்குப் போகும், டோரீன் மேசையும் இருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். பணமும் திரும்பி வரும். மார்வா உடனே சரி என்றார். மெர்ல் சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். மார்வா பேனாவைத் திறந்தார். எனக்குக் கைதட்டவேண்டும்போல இருந்தது.

டோரீன் வந்துவிட்டார்.

"திருப்பிக் குடுக்கப்போறியா?"

ஆமாம், உங்களுக்காகத்தான் என்றார் மார்வா.

"எனக்காக நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். அவன்கிட்ட போச்சுன்னா நாளைக்கே இன்னும் ரெண்டு எலியத் திணிப்பான். கக்கின வயிறு புண்ணா இருக்கும். ரெண்டாவது தடவை கக்குச்சுன்னா அது தேறாது."

"அப்போ உங்க மேசை?"

"மேசை என்ன பாம்பா, செத்துப்போறதுக்கு?"

மார்வா பெட்டியைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். முட்டை வைக்குமா, இந்த வருஷமாவது என்று சின்னக் குரலில் கேட்டார். அதற்கு டோரீன் கொஞ்சமாவது இரங்கிப் பேசியிருக்கலாம். பேசவில்லை. இந்த வருஷமும் இல்லை, அடுத்த வருஷமும் ஆண்பாம்பு பக்கமே விடாதே, இன்குபேட்டரில் தயிர் தோய்த்துக்கொள் என்றார். மார்வா பேனாவை மூடிவிட்டார். மெர்ல் படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

டோரீன் ஒரு அட்டை எடுத்தார். எடை என்ற இடத்தைக் காலியாக விட்டார். இப்போதாவது போட்டுப் பாரேன், வயிறுதான் காலியாயிற்றே என்று டஸ்டின் தன் மேசையிலிருந்து கத்தினான். இப்போது போட்டால் அவன் குட்டு உடைந்துவிடும், முன்னூறு கிராமுக்கு மேல் குறைந்திருக்கும், எனக்கே போட்டுப் பார் என்று கத்தவேண்டும்போல இருந்தது. கக்கின பாம்பை மறுபடி தூக்கக்கூடாது என்று டோரீன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. பதினைந்து நாள் பட்டினி, தண்ணீர் மட்டும் என்று எழுதினார். அதற்குப் பிறகு ஒரு சின்ன எலி, வழக்கத்தில் பாதி அளவு. அது வயிற்றில் தங்கினால் பத்து நாள் கழித்து இன்னொன்று, அதுவும் சின்னது. தின்ற பிறகு இரண்டு நாள் தொடக்கூடாது. ஒரு மாதம் கழித்து எடை. அட்டையை மார்வாவின் கோட்டுப் பையில் அவரே செருகினார். கோட்டைக் குளிர்ந்த தண்ணீரில் அலசு, வெந்நீரில் போட்டால் நாற்றம் போகாது என்றார். அவரிடமிருந்து நான் கேட்டதிலேயே அன்பான வார்த்தை அதுதான்.

மூன்று மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. இனிமேல் எடை மேசை இருக்காது என்று மெர்ல் சொன்னார். அதற்கு அப்புறம் நன்றி என்று ஏதோ சொல்ல வந்தார், கைதட்டலில் அது கேட்கவில்லை. அந்த எழுபது மேசைகளுக்கும் சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். பதினோரு வருடமாக ஓசியில் பாம்பை எடை போட்டுக்கொண்டு போனவர்களும் தட்டினார்கள். அந்த லாரி ஓட்டுநர் மட்டும் எழுந்து நின்று எல்லோரையும் முறைத்தார்.

டோரீன் தராசைத் துணியில் சுற்றினார், மேசைக்காலை மடக்கினார். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. வீட்டுக்குப் போய் உன்னையே எடை போட்டுக்கொள் என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அவர் நின்று திரும்பினார்.

"நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு பவுண்டு. காலைல, சாப்பிடறதுக்கு முன்னாடி."

மேசையின் ஒரு முனையையாவது பிடிக்கலாம் என்று ஓடினேன். பாம்பை வைத்துக்கொண்டு குளிரில் நிற்காதே, அறிவில்லையா, போய் வண்டியில் ஏறு என்று விரட்டிவிட்டார். அவர் தன் பழைய வேனுக்குள் சாமான்களை ஏற்றியதை என் காருக்குள்ளிருந்துதான் பார்த்தேன். உடனே கிளம்பவில்லை. மைதானத்தின் வாசலைத் தாண்டி, பொதுச்சாலை ஓரமாக நிறுத்தி, ஹீட்டரைப் போட்டு, பின்கதவை ஒருக்களித்து வைத்தார். மெர்லுடைய அதிகாரம் வாசலோடு சரி. கொஞ்ச நேரத்தில் ஒருவர் ஜாக்கெட் புடைக்க நடந்து போனார். பிறகு ஒரு கணவன் மனைவி. மூன்றே பேர்தான். நான் கிளம்புகிறவரை மூன்றே பேர். உள்ளேயிருந்து அவர் யாரையோ திட்டுவது மூடிய என் கண்ணாடி வழியாகவும் கேட்டது.

அடுத்த கண்காட்சி ஏப்ரல் பன்னிரண்டு, சனிக்கிழமை. வாசலுக்கு வெளியே, வலது பக்கம், பின்கதவில் பள்ளம் விழுந்த சாம்பல் நிற வேன். பாம்பு வளர்ப்பவர்கள் தயவுசெய்து உள்ளே போவதற்கு முன்னால் அங்கே போங்கள். உள்ளே ஏதாவது வாங்கினாலும் நேரே அங்கே கொண்டு போங்கள். தீனி போட்டு நாலைந்து நாளாவது ஆகியிருக்கட்டும், தேதியைக் குறித்துக்கொண்டு போங்கள், பொய் சொல்லாதீர்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் பாம்பு இல்லையென்றால், தன் பாம்பு எப்போதும் பசியோடு பார்க்கிறது என்று சொல்கிற ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு இதை இன்றே அனுப்பிவிடுங்கள்.